உங்க பைக்குக்கு ரீகால் வந்திருக்கா? அந்த மெசேஜ் வேற யாருக்கோ போயிருக்கலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு பெட்ரோல் வாசனையில இருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் வாங்கினேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு சொல்லப்போறதில்லை. வாங்கி நாலு மாசம் இருக்கும். காலையில கீழே இறங்கி வந்தா, எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் சொல்றாரு, "தம்பி, உங்க வண்டிகிட்ட பெட்ரோல் வாடை அடிக்குது. ராத்திரி பூரா அடிச்சுது. பார்த்துக்கோங்க, பக்கத்துல மீட்டர் பாக்ஸ் வேற இருக்கு."

நான் அதைப் பெருசா எடுத்துக்கலை. முந்தின நாள் டேங்க் ஃபுல் பண்ணியிருந்தேன், அதனாலதான்னு நினைச்சேன். அப்புறம் ஒரு வாரம் கழிச்சு சிக்னல்ல நிக்கும்போது எனக்கே வாசனை வந்துச்சு. தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். பெட்ரோல் டியூப்ல கிளிப் லூசுன்னு டைட் பண்ணிவிட்டாரு. எண்பது ரூபாய். மூணு வாரத்துல மறுபடியும். புது கிளிப், நூத்தம்பது ரூபாய். மறுபடியும் அதே வாசனை. மூணாவது தடவை அவரே கடுப்பாகி டியூபைக் கழற்றி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. பார்த்துட்டு கேட்ட கேள்விதான் இந்த எபிசோடே. "ஏம்பா, இந்த மாடலுக்கு கம்பெனியிலேயே இந்த டியூபை மாத்திக் குடுத்தாங்களே. நீ மாத்தலையா?"

எனக்கு அப்படி ஒரு விஷயம் இருக்கிறதே தெரியாது. சர்வீஸ் சென்டர் போனேன். அட்வைசர் என் சேசிஸ் நம்பரை கம்ப்யூட்டர்ல தட்டின உடனே திரையில வந்துச்சு: இந்த வண்டிக்கு ஒரு கேம்பெய்ன் பாக்கி இருக்கு, பதினாலு மாசமா. "மெசேஜ் போயிருக்குமே சார்"னு சொன்னாரு. போயிருக்கு, ஆனா எனக்கு இல்லை. முதல் ஓனருக்கு. அவருக்கு போன் பண்ணிக் கேட்டா, பாவம், ரொம்ப நல்ல மனுஷன், "ஆமா ப்ரோ, மூணு நாலு வந்துச்சு. சர்வீஸ் ரிமைண்டர்னு நினைச்சேன். அதான் வண்டி வித்தாச்சேன்னு பிளாக் பண்ணிட்டேன்"னு சொல்றாரு.

அவர் மேல தப்பு சொல்ல முடியலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. சூடான இன்ஜினுக்கு மேல பெட்ரோல் கசியிற ஒரு வண்டி பதினாலு மாசமா ஓடிக்கிட்டிருக்கு. கம்பெனிக்குத் தெரியும், சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டருக்குத் தெரியும், முதல் ஓனர் போனுக்குத் தெரியும். வண்டியில உட்கார்ந்து ஓட்டுறவனுக்கு மட்டும் தெரியாது.

"திரும்பப் பெறுகிறது"னா என்ன?

இந்தச் செய்தி வந்தாலே பேப்பர்ல "வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது"னுதான் போடுவாங்க. ரீகாலுக்கு அதுதான் நேரான தமிழ். ஆனா அதைப் படிச்சா கம்பெனி வண்டியை எடுத்துக்கிட்டு பணத்தைக் கொடுத்துடும்னு தோணும். எங்க அப்பா அப்படித்தான் கேட்டாரு, "பணம் எப்போடா வரும்?" அடுத்த கேள்வி, "கம்பெனியே கோளாறுன்னு சொல்லிடுச்சா? அப்போ முதல்ல வித்துடு அதை."

ரெண்டுமே இல்லை. ரீகால்ல பெரும்பாலும் நடக்கிறது இவ்வளவுதான்: குறிப்பிட்ட காலத்துல தயாரான வண்டிகள்ல ஒரு பாகம் சரியில்லைன்னு தெரிய வருது. அந்த வண்டிகளை சர்வீஸ் சென்டருக்கு வரச்சொல்லி, பார்த்து, தேவைப்பட்டா அந்தப் பாகத்தை இலவசமா மாத்திக் கொடுத்து அனுப்புறாங்க. அன்னைக்கே வண்டியோட வீட்டுக்கு வந்துடலாம். வாரன்டி வேற, இது வேற. வாரன்டியில உங்க வண்டியில பிரச்சினை வந்த பிறகு நீங்க போறீங்க. ரீகால்ல பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே உங்களைக் கூப்பிடுறாங்க. அதனால வாரன்டி முடிஞ்சிருந்தாலும் இலவசம்தான்னு பல கம்பெனிகள் அறிவிப்பிலேயே சொல்லிடுவாங்க.

இன்னொரு சிக்கல், கம்பெனிகள் எப்பவும் ரீகால்ங்கிற வார்த்தையைப் பயன்படுத்தறதில்லை. "சர்வீஸ் ஆக்‌ஷன்", "சர்வீஸ் கேம்பெய்ன்", "பார்ட் அப்கிரேடு"ன்னு மென்மையா ஒரு பேர் வைப்பாங்க. அதனால சர்வீஸ் சென்டர்ல போய் "ரீகால் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டா, "அப்படியெல்லாம் எதுவும் இல்லை சார்"னு பதில் வரலாம். "இந்த சேசிஸ் நம்பருக்கு பெண்டிங் கேம்பெய்ன் ஏதாவது இருக்கா?"ன்னு கேளுங்க. கேள்வியை மாத்தினா பதிலும் மாறும்.

நம்ம ஊர்ல இருந்தே ஒரு உதாரணம்

ரீகால் எப்படி வேலை செய்யுதுன்னு புரிய ராயல் என்ஃபீல்டைப் பார்க்கலாம். ஒரகடத்துலயும் வல்லம் வடகாலிலயும் தயாராகிற வண்டி, நம்ம ஊரு வண்டி. அவங்க ரீகால் விவரங்களும் வெளிப்படையா செய்தியில வந்தவை.

2021 மே மாசம், ஊரே லாக்டவுன்ல இருந்த நேரம். இந்தியா உட்பட ஏழு நாடுகள்ல 2,36,966 வண்டிகளுக்கு ரீகால் அறிவிச்சாங்க. மீட்டியார், கிளாசிக், புல்லட், 2020 டிசம்பர்ல இருந்து 2021 ஏப்ரல் வரைக்குமானவை. பிரச்சினை இக்னிஷன் காயில். பேட்டரியோட 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தி ஸ்பார்க் பிளக்குக்குக் கொடுக்கிற பாகம் அது. அது சரியில்லைன்னா இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகும், வண்டி இழுக்காது, அபூர்வமா ஷார்ட் சர்க்யூட் ஆகலாம்னு அவங்களே சொன்னாங்க. வெளியில இருந்து வாங்கின ஒரு குறிப்பிட்ட பேட்ச்ல வந்த கோளாறு. அதை அவங்களோட வழக்கமான உள்பரிசோதனையிலதான் கண்டுபிடிச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: கூப்பிட்டது ரெண்டே கால் லட்சத்துக்கும் மேல, ஆனா காயில் மாத்த வேண்டியிருக்கிறது அதுல பத்து சதவீதத்துக்கும் குறைவா இருக்கும்னுதான் கணிச்சாங்க. அப்போ மீதிப் பேரை எதுக்கு அலையவிடணும்? ஏன்னா காயிலை வெளியில இருந்து பார்த்து நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாது. உள்ளே சுத்தியிருக்கிற கம்பியும் அதுக்கு மேல இருக்கிற இன்சுலேஷனும் எப்படி இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. "என் வண்டி நல்லாத்தான் ஓடுது"ங்கிற பதில் இங்கே செல்லாது. இன்னைக்கு நல்லா ஓடுற வண்டிகளையும் சேர்த்துத்தான் கூப்பிடறாங்க.

அதே 2021 டிசம்பர்ல இன்னொண்ணு. புது கிளாசிக் 350, 26,300 வண்டிகள். செப்டம்பர் 1-ல இருந்து டிசம்பர் 5 வரைக்கும் தயாரானவை. ஆனா எல்லா கிளாசிக்கும் இல்லை. சிங்கிள் சேனல் ஏபிஎஸ், பின்னாடி டிரம் பிரேக் வச்ச மாடல் மட்டும். டிரம் பிரேக்ல நீங்க பெடலை மிதிக்கும்போது, சக்கரம் சுத்துற திசையிலேயே பிரேக் பிளேட்டும் சேர்ந்து சுத்தப் பார்க்கும். அதைச் சுத்தவிடாம ஸ்விங் ஆர்மோட பிடிச்சு நிறுத்துறதுக்கு ஒரு பிராக்கெட் இருக்கு. ரொம்ப வேகமா, பலமா மிதிச்சா அந்த பிராக்கெட் சேதமாகலாம், பிரேக்ல சத்தம் வரலாம், பிரேக் பிடிக்கிற திறன் குறையலாம்னு கண்டுபிடிச்சாங்க. நிதானமா ஓட்டுறவங்களுக்கு வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாது. நாய் குறுக்கே வந்து சடன் பிரேக் அடிக்கிற அந்த ஒரு நாள்லதான் தெரிய வரும்.

ஆகவே மாடல் பேரை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. அதே கலர், அதே மாடல், அதே தெருவுல நிக்கிற ரெண்டு கிளாசிக்ல ஒண்ணுக்கு ரீகால் இருக்கும், ஒண்ணுக்கு இருக்காது.

நாடும் முக்கியம். 2020-ல இதே கம்பெனி இங்கிலாந்து, ஐரோப்பா, தென் கொரியாவுல 15,200 வண்டிகளுக்கு ரீகால் விட்டாங்க. இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயன். காரணம் உப்பு! பனிக்காலத்துல ரோட்டுல ஐஸ் கரையறதுக்கு அங்கே உப்பு தூவுவாங்க. அந்த உப்பு பிரேக் காலிப்பர்ல படிஞ்சு அரிச்சுடுச்சு. அந்தச் செய்தியை இங்கே வாட்ஸ்அப்ல பார்த்துட்டு பயந்தவங்க உண்டு. ஈசிஆர்ல உப்புக்காத்து அடிக்கும்தான், ஆனா அந்த ரீகால் நமக்கானது இல்லை.

எல்லா ரீகாலும் உயிர் போற விஷயமும் இல்லை. 2022 நவம்பர்ல இருந்து 2023 மார்ச் வரைக்கும் தயாரான ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு 2024-ல வந்த ரீகால் வெறும் ரிஃப்ளெக்டருக்கு. பதினஞ்சு நிமிஷ வேலைன்னு அவங்களே சொன்னாங்க. ரிஃப்ளெக்டர்தானேன்னு சிரிக்கலாம். ஆனா ராத்திரி ஹைவே ஓரத்துல வண்டி நின்னுபோய், லைட் எதுவும் எரியாம நிக்கும்போது, பின்னாடி வர்ற லாரிக்காரர் கண்ணுக்கு நீங்க தெரியறது அந்த ரிஃப்ளெக்டரால மட்டும்தான். (டெயில் டைடி போடறேன்னு ரிஃப்ளெக்டரையே கழற்றி வீசினவங்க இதைக் கேட்டுக்கிட்டிருப்பீங்க. உங்களை கம்பெனி கூப்பிட்டும் பிரயோஜனம் இல்லை.)

ஒரு கம்பெனியை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. 2024 பிப்ரவரியில யமஹா, ரே இசட்ஆர், ஃபசினோ ஸ்கூட்டர்கள்ல சுமார் 3 லட்சம் வண்டிகளை பிரேக் லிவருக்காகக் கூப்பிட்டாங்க. அதே வருஷம் சுசுகி ஆக்சஸ், அவெனிஸ், பர்க்மேன்ல ஏறக்குறைய 4 லட்சம் ஸ்கூட்டர்களை இக்னிஷன் காயில்ல இருந்து பிளக்குக்குப் போற ஒயருக்காகக் கூப்பிட்டாங்க. ஆக்சஸ் இல்லாத தெரு சென்னையில இருக்கா? உங்க வீட்டுல அம்மா ஓட்டுற வண்டிக்கே இருந்திருக்கலாம்.

என்னைக் கேட்டா, ரீகால் விடுற கம்பெனியைப் பார்த்து பயப்படறதைவிட, பத்து வருஷமா லட்சக்கணக்குல வித்தும் ஒரு ரீகால்கூட விடாத கம்பெனி இருந்தா அதைப் பார்த்துத்தான் பயப்படணும்.

சட்டம் என்ன சொல்லுது

ரொம்ப நாளா இந்தியாவுல ரீகால் கம்பெனிகளோட நல்ல மனசைப் பொறுத்ததா இருந்துச்சு. 2012-ல வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தானா ஒரு நடத்தை விதி கொண்டுவந்துச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போதான் 110-ஏ என்கிற பிரிவு வந்துச்சு. அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு.

சுருக்கமா இது. ஓட்டுறவருக்கோ ரோட்டுல போற மத்தவங்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு வர்ற மாதிரி ஒரு கோளாறு இருந்தா, அந்த வகை வண்டிகளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மத்திய அரசு கம்பெனிக்கு உத்தரவு போடலாம். முழு விலையைத் திருப்பித் தர்றது, வேற வண்டி தர்றது, பழுது பார்த்துத் தர்றது, இந்த மூணுமே சட்டத்துல இருக்கு. ஆக, எங்க அப்பா கேட்டது முழுத் தப்பு இல்லை. நடைமுறையில நாம பார்க்கிறதுதான் பழுது பார்த்துத் தர்றது. இந்த விதிகள் தயாரிச்சு 7 வருஷம் ஆகாத வண்டிகளுக்குத்தான் பொருந்தும்.

அறிவிப்புகள்ல "தாமாக முன்வந்து"ன்னு ஒரு சொல் தவறாம வரும், கவனிச்சிருக்கீங்களா? அது அடக்கத்துக்காகப் போடற சொல் இல்லை. கோளாறை கம்பெனியே கண்டுபிடிச்சு அரசுக்குச் சொல்லி ரீகாலை ஆரம்பிச்சா, அவங்களுக்கு அபராதம் கிடையாதுன்னு அதே பிரிவு சொல்லுது. அரசு உத்தரவு போட்டு நடந்தா, எண்ணிக்கையைப் பொறுத்து 10 லட்சம் ரூபாயில இருந்து 1 கோடி வரைக்கும் அபராதம். சட்டத்துல இப்படி ஒரு வழி வச்சது நல்லதுன்னுதான் எனக்குத் தோணுது. மறைக்கிறதைவிட சொல்றது லாபமா இருந்தாத்தான் கம்பெனி சொல்லும்.

நமக்கு இதுல ஒரு கதவு இருக்கு. மத்திய அரசோட வாகன் தளத்துல ரீகாலுக்குன்னே புகார் கொடுக்க ஒரு பகுதி இருக்கு. உங்க மாடல்ல பிரேக்கோ ஃபோர்க்கோ ஒரே மாதிரி திரும்பத் திரும்பப் போகுதுன்னு வைங்க. வாட்ஸ்அப் குரூப்ல இருநூறு பேர் புலம்பறது கணக்குல வராது. ஒரு மாடலுக்கு வர்ற புகார்கள் ஒரு அளவைத் தாண்டினா அரசு விசாரிக்கலாம்னு விதி இருக்கு. அதனால குரூப்ல போடற வாய்ஸ் நோட்டோட சேர்த்து அங்கேயும் ஒரு புகார் போட்டு வைங்க.

சரி, என்ன பண்ணணும்?

முதல்ல ஆர்சியை எடுங்க. சேசிஸ் நம்பர் இருக்கும், 17 எழுத்து. வண்டியிலேயே ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியிலயும் அடிச்சிருப்பாங்க. செகண்ட் ஹேண்ட் வண்டின்னா ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒத்துப் பாருங்க, அது வேற காரணத்துக்கும் நல்லது. ஒரு சின்ன விஷயம்: இந்த நம்பர்ல ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வரவே வராது. ஒண்ணு, பூஜ்ஜியத்தோட குழப்பம் வரக்கூடாதுன்னு உலகம் முழுக்க விட்டுட்டாங்க. வட்டமா ஒண்ணு இருந்தா அது பூஜ்ஜியம்தான். "தவறான எண்"ணு வெப்சைட் சொல்றதுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

அந்த நம்பரை கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பார்க்கலாம். பல கம்பெனிகள் சர்வீஸ் பக்கத்துல இதுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்காங்க. இல்லைன்னா கஸ்டமர் கேருக்கு போன், இல்லைன்னா நேரா அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர். மெசேஜ்ல லிங்க் வந்து "ரீகாலுக்குப் பதிவு செய்ய ஓடிபி கொடுங்கள், பத்து ரூபாய் கட்டுங்கள்"னு இருந்தா தொடாதீங்க. ரீகாலுக்கு ஒரு ரூபாய்கூட யாரும் கேட்க மாட்டாங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்களுக்கு இதுதான் முக்கியம், நான் கோட்டைவிட்ட இடமும் இதுதான். நான் ஆர்டிஓவுல பேர் மாத்தியிருந்தேன். ஆர்சி என் பேர்ல இருக்கு, இன்ஷூரன்ஸ் என் பேர்ல இருக்கு. எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஆனா ஆர்டிஓவுல பேர் மாறினதை யாரும் கம்பெனிக்குப் போய்ச் சொல்றதில்லை. ஷோரூம்ல முதல் நாள் பதிவான பேரும் நம்பரும்தான் அவங்க லிஸ்ட்ல அப்படியே கிடக்கும். சர்வீஸ் சென்டர்ல "ஓனர் விவரத்தை மாத்திக்கோங்க"ன்னு ஆர்சி காப்பியோட நீங்களாத்தான் கேட்கணும். அஞ்சு நிமிஷ வேலை. வெளி மெக்கானிக்கிட்டயே சர்வீஸ் விடறவங்க, அந்த வழக்கத்தை நான் குறை சொல்லலை, நானும் அப்படித்தான், இதுக்காக மட்டும் ஒரு தடவை போய்ட்டு வாங்க.

வண்டி வித்தவங்களும் கொஞ்சம் மனசு வைங்க. பழைய வண்டி பேர்ல மெசேஜ் வந்தா பிளாக் பண்றதுக்கு முன்னாடி வாங்கினவருக்கு ஒரு ஃபார்வர்டு.

சர்வீஸ் சென்டர்ல ஜாப் கார்டுல அந்த கேம்பெய்ன் வேலை தனி வரியா வரணும். "ஜெனரல் சர்வீஸோட சேர்த்துப் பண்ணிடலாம் சார்"னு சொல்வாங்க. சேர்த்துப் பண்றது உங்க இஷ்டம், ஆனா கட்டாயம் இல்லை. என்கிட்ட சொன்ன கதை, "சர்வீஸ் பண்ணாத வண்டிக்கு இதைப் பண்ண முடியாது". நான் கஸ்டமர் கேர் நம்பரை எடுத்து அவர் முன்னாடியே டயல் பண்ணினேன். "இருங்க சார், மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்"னு போனவரு, வந்து வண்டியை எடுத்துக்கிட்டாரு. நாற்பது நிமிஷத்துல வேலை முடிஞ்சது. வெளியே வரும்போது பில் வாங்குங்க. பூஜ்ஜியம் ரூபாய் பில்தான், ஆனா வேணும். எந்தப் பாகம் மாத்தினாங்க, எந்தத் தேதின்னு அதுல இருக்கணும். கம்ப்யூட்டர்ல அந்த கேம்பெய்ன் "குளோஸ்" ஆகிடுச்சான்னு கேட்டுட்டு வாங்க. நாளைக்கு விக்கும்போது இந்த பில் உங்க வண்டி மதிப்பைக் கூட்டும்.

நேயர்கள் கேட்டது

போன வாரம் இன்ஸ்டாவுல கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். மதுரையில இருந்து ஒரு நேயர்: "பார்ட் ஸ்டாக் இல்லை, ரெண்டு மாசம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் ஓட்டலாமா?"

லட்சக்கணக்குல ரீகால் விடும்போது இது நடக்கும். கோளாறு எதுலன்னு பொறுத்துத்தான் பதில். ரிஃப்ளெக்டர்னா ஓட்டுங்க. பிரேக், பெட்ரோல் கசிவு, ஷார்ட் சர்க்யூட், ஸ்டியரிங், இதுல எதுவா இருந்தாலும் "ஓட்டலாமா, வேண்டாமா"ன்னு கம்பெனிக்கு ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. வாய்வார்த்தையா "ஒண்ணும் ஆகாது சார்"னு சொல்ற அட்வைசர், அதையே ஈமெயில்ல எழுதித் தர தயங்கினா, உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி விஷயமா ரீகால்னா வீட்டுக்குள்ள வச்சு ராத்திரி சார்ஜ் போடாதீங்க. 2022 மார்ச்ல வேலூர்ல சார்ஜ்ல இருந்த ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனது இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு அடுத்த மாசம்தான் ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும், புனேவுல நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்க.

இன்னொருத்தர்: "சர்வீஸ் சென்டர்ல பணம் கேட்கிறாங்க, இல்லைன்னா இழுத்தடிக்கிறாங்க. என்ன பண்றது?"

முதல்ல கம்பெனியோட தலைமை கஸ்டமர் கேருக்கு எழுத்துல. சேசிஸ் நம்பர், ரீகால் அறிவிப்பு, எந்தத் தேதியில எந்த சென்டர் போனீங்க, என்ன சொன்னாங்க, எல்லாம். பல நேரம் இதுலயே முடிஞ்சிடும், டீலருக்கு கம்பெனியில இருந்து வர்ற போனுக்கு மரியாதை அதிகம். நகரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மேலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளோட கோளாறால காயமோ நஷ்டமோ வந்தா தயாரிப்பாளர் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கழற்றின பழைய பாகத்தை சர்வீஸ் சென்டர் திருப்பித் தர மாட்டாங்க, அது கம்பெனிக்குப் போகணும். அதனால கழற்றுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு போட்டோ எடுத்து வைங்க.

கடைசியா, தாம்பரத்துல இருந்து ஒரு தங்கச்சி: "அண்ணா, உங்க வண்டியை அப்புறம் வித்துட்டீங்களா?"

இல்லைம்மா. இப்பவும் அதுலதான் ஆபீஸ் போறேன். பழைய டியூபுக்கு நான் செலவு பண்ணின காசைக் கேட்டு கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போட்டிருக்கேன், பில் இல்லாததால பதில் வரலை. மெக்கானிக் அண்ணன் பில் கொடுக்கிற வழக்கம் இல்லை, நானும் கேட்கலை. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் இன்னும் தினமும் காலையில வண்டிகிட்ட குனிஞ்சு ஒரு தடவை மோந்து பார்க்கிறாரு.

அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசலாம்.